விலக்கு கோரும் காரணம்

தேர்தல் பணி ஆணை வந்த அன்றைக்கே எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்கு முதுகுவலி வந்துவிடும். மீதிப் பேருக்கு மூட்டுவலி, சர்க்கரை, மச்சினி கல்யாணம். பதினோரு வருஷமாக இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தவள் நான். கணக்கு டீச்சர் ஸ்வர்ணலதா ஒரு தேர்தலுக்கும் விலக்கு கேட்டதில்லை என்று தலைமை ஆசிரியர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். போன நாடாளுமன்றத் தேர்தலில் அந்தப் பெருமையும் போயிற்று. நானும் மனு எழுதினேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், இளமதி, நாலு வயது சுபலட்சுமி. இளமதி கைத்தறித் துறையில் இளநிலை உதவியாளர். சுபாவைப் பெற்றவள் அவள். பெற்ற ஆறாவது மாதமே புருஷன் விவாகரத்துக்குப் போய்விட்டான். இப்போது வேலூரில் வேறு கல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறான், பிள்ளை பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் இளமதியும் ஒருத்தியை ஒருத்தி நேசிக்கிறோம். மூன்றரை வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரையின் கீழ் அந்தக் குழந்தையை வளர்க்கிறோம். இதைக் குடும்பம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வேறு மாதிரி சொல்லியிருந்தோம். ஆரணியில் மாடி போர்ஷன் பார்க்கப் போனபோது, கீழே தறி போட்டிருக்கும் வீட்டுக்காரம்மா பூங்காவனம், "நீங்க ரெண்டு பேரும் இன்னா உறவு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இளமதி, "இவங்க எங்க பெரியப்பா பொண்ணு. சேத்துப்பட்டுல இருந்து வந்துக்கிறாங்க. எனக்கு அக்கா முறை" என்றாள். சேத்துப்பட்டு என் ஊர் என்பது மட்டும்தான் அதில் உண்மை. அன்றையிலிருந்து தெருவில் நான் அக்கா, சுபாவுக்குப் பெரியம்மா. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் அவள் என்னை ஸ்வர்ணாம்மா என்று கூப்பிடுவாள். நாலு வயதுப் பிள்ளைக்கு இரண்டு பாஷை பழக்கிய கெட்டிக்காரிகள் நாங்கள்.

இளமதியின் பெற்றோர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். தங்கள் பரம்பரையில் சேத்துப்பட்டில் ஒரு பெரியப்பா கிடையாது என்று அவர்களுக்குத் தெரியாதா? ஆனால் யாராவது கேட்டால் அவளுடைய அம்மா சாவித்திரியே, "ஆமா, எங்க பெரியவர் பொண்ணு" என்று சொல்லிவிடுவார். இல்லாத பெரியப்பாவால் அவர்கள் மானமும் பிழைத்தது, எங்கள் வீடும் பிழைத்தது. பட்டு வியாபாரம் செய்யும் அண்ணன் சுதாகர் மட்டும் ஒரு நாள் மாடிக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி சொல்லிவிட்டுப் போனான். "பெரியப்பா பொண்ணுன்னே இருக்கட்டும். வேற மாதிரி என் காதுல வியுந்துச்சுனா கொயந்தைய தூக்கிகினு போயிடுவேன். அப்புறம் நீ கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சிகினு கெட."

வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட முடியாது. போன தீபாவளிக்கு ஒரு ராத்திரி என்று கூட்டிப்போன குழந்தையை ஆறு நாள் அனுப்பவில்லை. "நீ மட்டும் வந்து எங்க கூட இரு, குழந்தை இங்கயே வளரட்டும்" என்று சாவித்திரியம்மா பேரம் பேசினார். ஏழாம் நாள் இளமதி வாசலில் நின்று போட்ட சத்தத்தில்தான் சுபா திரும்பி வந்தாள். அதோடு அந்த வீட்டில் ராத்திரி தங்க விடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

இதற்கு நடுவில் சுபாவுக்கு இன்னொரு கஷ்டம். காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும். வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், கடிகாரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிஷம் தாண்டினால் மூக்கில் மருந்து அடிக்க வேண்டும். ஒரு தடவை நாங்கள் கடைக்குப் போன நேரத்தில் வலிப்பு வந்து, பூங்காவனம் அம்மா பீரோ சாவிக் கொத்தைக் குழந்தை கையில் திணித்து, வாயில் தண்ணீர் வேறு ஊற்றப் பார்த்தார். நல்ல மனுஷிதான். ஆனால் அவர் பொறுப்பில் விட்டுவிட்டு நான் நிம்மதியாக எங்கே போவது?

ஏப்ரல் பத்தொன்பது வாக்குப்பதிவு. பதினெட்டாம் தேதி காலையிலேயே போய், வாக்கு இயந்திரத்தை வாங்கி, சாவடியில் படுத்து, மறுநாள் ராத்திரி ஒப்படைத்துவிட்டுத்தான் வீடு திரும்ப முடியும். எனக்கு வந்தவாசிப் பக்கம், இளமதிக்குப் போளூர்ப் பக்கம். இரண்டு ஆணையும் ஒரே நாளில் வந்தன. அந்த வாரம் சுபாவுக்குச் சளி பிடித்திருந்தது.

சரி, ஆளுக்கொரு மனு கொடுப்போம், ஒன்று தேறினால் போதும் என்று நினைத்தோம். முதல் தேர்தல் பயிற்சி வகுப்பில் தனித்தனியாக எழுதிக் கொடுத்தோம். டாக்டர் சான்றிதழும் வைத்தோம். பத்து நாளில் பதில் வந்தது.

இளமதியின் மனுவில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: மனுதாரரின் அக்கா உடன் வசிப்பதால் விலக்கு அளிக்க இயலாது.

என் மனுவில்: குழந்தையின் தாய் உடன் வசிப்பதால் விலக்கு அளிக்க இயலாது.

இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் இருப்பதால் அவள் போக வேண்டும், அவள் இருப்பதால் நான் போக வேண்டும்.

"நீ என்னத்த எழுதிக் குடுத்த?" என்று இளமதியைக் கேட்டேன்.

நகலை எடுத்துக் காட்டினாள். 'என் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னையும் என் அக்காவையும் தவிர வேறு யாரும் இல்லை' என்று மணி மணியான கையெழுத்தில் எழுதியிருந்தாள். மூன்றரை வருஷப் பழக்கம். தேர்தல் அதிகாரிக்கு எழுதும்போதும் கை தானாக அக்கா என்று எழுதிவிட்டது. நான் மட்டும் என்ன ஒழுங்கு? 'என் தங்கையின் குழந்தை' என்றுதான் எழுதியிருந்தேன். ஊரை நம்ப வைத்தோம், அரசாங்கமும் சேர்ந்து நம்பிவிட்டது.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் டூட்டி போட்டா, சின்னக் கொயந்தை இருந்தா ஒருத்தருக்கு வெலக்கு உண்டாம். எங்க ஆபீஸ்ல ராஜேஷுக்கும் அவன் வொய்ஃப்புக்கும் அப்பிடித்தான் குடுத்தாங்க" என்றாள் இளமதி.

"நம்மள எவன் அப்படி ஒத்துக்கப் போறான்?"

"அது இல்ல ஸ்வர்ணா. ரெண்டு பேரும் சேர்ந்து போய் நிக்கலாம். ரெண்டு ஆர்டரையும் ஒண்ணா வச்சா தெரியும் இல்ல, வீட்டுல யாருமே இல்லன்னு."

இரண்டாவது பயிற்சி ஞாயிற்றுக்கிழமை, ஆரணியிலேயே ஒரு பள்ளியில். சுபாவைப் பகல் நேரம்தானே என்று பூங்காவனம் அம்மாவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம். போகும் வழியில் பேசி முடித்துக்கொண்டோம். உறவைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. இரண்டு பேருக்கும் பணி, குழந்தைக்கு வலிப்பு, ஒருத்தரை விடுங்கள், அவ்வளவுதான் கேட்க வேண்டும். விட்டால் இளமதியை விடச் சொல்ல வேண்டும். பெற்றவள் அவள், பிறப்புச் சான்றிதழில் இருப்பது அவள் பெயர், கேள்வி வராது. பேச வேண்டியது நான். எங்கள் வீட்டில் சண்டைக்குப் போகிற வேலை எப்போதும் என்னுடையது.

மனு பார்க்கும் அறையில் முப்பது பேர் வரிசை. அதிகாரி இராஜமாணிக்கம் ஓய்வு பெற ஒன்றிரண்டு வருஷம் இருக்கும் மனிதர். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கணினியோடு எழுத்தர் கோகுல்ராஜ். எனக்குப் பின்னால் எங்கள் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் அருணகிரி எக்ஸ்ரே உறையோடு நொண்டிக்கொண்டு நின்றார். முன்னால் ஒருவர் மாமனார் வருஷத் திதி என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு போனார். எங்கள் முறை வந்தது.

இரண்டு ஆணைகளையும் இரண்டு நிராகரிப்புகளையும் மேஜையில் வைத்து, தயார் செய்து வந்ததை நான் ஒப்பித்தேன். அவர் கேட்டார். உண்மையாகவே கவனித்துக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. ரெண்டு பேருக்கும் டூட்டி. அதானே?" என்றார். "அக்கா தங்கச்சிக்கு ரூல் கெடையாதும்மா. புருஷன் பொண்டாட்டிக்குத்தான். உங்க அப்பா அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க சார்" என்றாள் இளமதி.

"எந்த ஊரு?"

"ஆரணிதான் சார்."

"உள்ளூரு! அப்புறம் இன்னாம்மா பேஜாரு? ஒரு ராத்திரி பாட்டி வீட்டுல வுட்டுட்டுப் போங்க. ஜல்தியா நகருங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை தானாக வரும். ஆனால் அந்த நிமிஷம் ஒரு வார்த்தையும் வரவில்லை. அவர் சொன்னதில் பிழையே இல்லை. அக்காவும் தங்கையும் என்றால் குழந்தையைப் பாட்டி வீட்டில் விடாமல் யார் வீட்டில் விடுவார்கள்? நாங்கள் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டு அவர் ஒழுங்காக யோசித்திருக்கிறார். அந்த வீட்டில் ஒரு ராத்திரி விட்டால் சுபா எங்களுக்குத் திரும்பி வருவாளா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

இளமதி அவற்றின் மேல் கையை வைத்தாள்.

"இவங்க எனக்கு அக்கா இல்ல சார்."

இராஜமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தார். "மனுவுல அப்பிடித்தானேம்மா எழுதிக்கிறீங்க?"

"பொய் சார். ஊருக்காக சொல்லிகினு இருந்தோம். நாங்க ரெண்டு பேரும் குடும்பமா வாழறோம். புருஷன் பொண்டாட்டி எப்பிடியோ அப்பிடி. சுபலட்சுமி எங்க ரெண்டு பேருக்கும் கொயந்தை. எங்கம்மா வீட்டுல வுட்டா திருப்பித் தர மாட்டாங்க. அதனாலதான் கேக்கறோம்."

சத்தமாகச் சொல்லவில்லை. கைத்தறி அலுவலகத்தில் கோப்பு படிக்கிற அதே குரல். ஆனால் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பயம்தான், வேறென்ன? முப்பது பேரில் பத்துப் பேராவது சுதாகரிடம் பட்டு வாங்குகிறவர்கள், அவனோடு டீ குடிக்கிறவர்கள். சாயங்காலத்துக்குள் ஆரணி முழுக்கத் தெரிந்துவிடும். அதே நேரம், அவளை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"இதெல்லாம் எங்கிட்ட ஏம்மா சொல்றீங்க?" என்றார் இராஜமாணிக்கம். அவர் முகத்தில் கோபத்தைவிடச் சங்கடம்தான் அதிகம் தெரிந்தது.

"நீங்கதான் சார் அக்கா தங்கச்சியான்னு கேட்டீங்க."

பின்னால் அருணகிரி, "குடும்பமாம்பா!" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தார். அதில் எனக்கு வாய் திரும்பி வந்தது. "அருணகிரி சார், போன மாசம் ஸ்போர்ட்ஸ் டேல நூறு மீட்டர் ஓடின மூட்டுதானே அது? அந்த எக்ஸ்ரேவுல யாரு காலு?" என்றேன். வரிசை சிரித்தது. அவர் எக்ஸ்ரே உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"சார், ரூல் பேசறேன்" என்று இராஜமாணிக்கத்திடம் திரும்பினேன். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் டூட்டின்னா ஒருத்தர எதுக்கு வுடறீங்க? கொயந்தைக்கு ராத்திரி ஆளு வேணும்னுதானே? எங்க கொயந்தைக்கும் வலிப்பு முக்காவாசி ராத்திரிதான் சார் வரும்."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா சட்டத்துல உங்க ரெண்டு பேர அப்பிடி ஒத்துக்கலியே. போன வருஷம் சுப்ரீம் கோர்ட்டே இன்னா சொல்லிச்சு? அதெல்லாம் பார்லிமென்ட் முடிவு பண்ணணும்னு சொல்லிடுச்சு. நான் இன்னா பண்ண முடியும்?"

"அந்த பார்லிமென்ட்டுக்குத்தான் சார் நாங்க மெஷின் தூக்கிகினு போறோம்" என்றேன். "பதினோரு வருஷமா ஒரு எலெக்‌ஷனுக்கும் நான் விலக்கு கேட்டதில்ல. இப்பவும் ரெண்டு பேரையும் வுடச் சொல்லல. ஒருத்தி கண்டிப்பா போறோம், சாவடிய ஒயுங்கா நடத்தித் தரோம். இன்னொருத்திய வீட்டுல வுடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் நிராகரிப்புக் காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். சிவப்பு மை அவருடையதுதான் போலிருக்கிறது. படித்துவிட்டு அவரே லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"வெலக்கு குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. ரிசர்வ்ல வைக்கலாம். அது என் கையில இருக்குது. ரிசர்வ்னா ஆரணிய வுட்டுப் போகக் கூடாது, போன் அடிச்சா அரை மணியில வரணும். சம்மதமா?"

"சம்மதம் சார்" என்றோம் இரண்டு பேரும்.

"யார வைக்கறது?"

இளமதியை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள், "ஸ்வர்ணலதாவ வைங்க சார். நான் போளூர் போறேன்" என்றாள்.

"பெத்தவ நீதானேம்மா?"

"ஆமா சார். ஆனா வலிப்பு வந்தா எனக்குக் கை நடுங்கும். மருந்து அடிக்கறது இவங்கதான். ஜனவரியில வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடினது இவங்கதான். அங்க அம்மா மட்டும்தான் உள்ள வரலாம்னு இவங்கள வெளிய நிறுத்திட்டாங்க. மூணு மணி நேரம் கொயந்தையோட செருப்பக் கையில வச்சிகினு வராண்டாவுல நின்னாங்க." மேஜையில் கிடந்த காகிதங்களைக் காட்டினாள். "என் பேரு எல்லாப் பேப்பர்லயும் இருக்குது சார். இவங்க பேரு ஒரு பேப்பர்லயும் இல்ல. இதுலயாவது இருக்கட்டும்."

வழியில் பேசி முடித்தது அவ்வளவையும் இப்படிப் புரட்டிப் போட்டுவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் இதை மனதில் வைத்திருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல் போயிற்று. வரிசையில் நிற்கிறோம் என்பதையும் மறந்து கண் கலங்கிவிட்டது. டீச்சர் அழுகிறாள் என்று பார்த்தால் பார்க்கட்டும்.

கோகுல்ராஜ் தட்டச்சு செய்யத் தொடங்கினான். பாதியில் நிறுத்தி, "சார், கொயந்தைக்கு இவங்க இன்னா உறவுன்னு போடறது?" என்றான்.

"அம்மா" என்றாள் இளமதி.

"அம்மான்னு நீங்க ஒருத்தர் ஏற்கெனவே இருக்கீங்களேம்மா. மேல இருந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார் இராஜமாணிக்கம். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கோகுல்ராஜ் பக்கம் திரும்பினார். "பாதுகாவலர்னு போடு. பெற்றவரின் சம்மதத்தோடன்னு சேர்த்துக்க. நீங்க கீய கையெழுத்துப் போடுங்கம்மா."

இளமதி ஒப்புக்கொள்ள மாட்டாளோ என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அவர் முத்திரை குத்தி, நகலை என்னிடம் கொடுத்தார். 'குழந்தை சுபலட்சுமியின் பாதுகாவலர் ஸ்வர்ணலதா' என்று அச்சில் இருந்தது. இந்தக் காகிதம் கோர்ட்டில் செல்லுமா, செல்லாதா, எனக்குத் தெரியாது. ஒரு வக்கீலிடம் காட்டினால் சிரிக்கவும் செய்யலாம். ஆனாலும் அதை நான்கு தடவை படித்தேன்.

"அடுத்து!" என்று இராஜமாணிக்கம் கத்தினார். அருணகிரி நொண்ட மறந்து முன்னால் வந்தார்.

வராண்டாவுக்கு வந்தோம். கூட வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்கள் எங்களைப் பார்த்ததும் தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். ஒருத்தி மட்டும், "சாப்பாடு டோக்கன் வாங்கிட்டீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனாள். இளமதியின் போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது. அறையை விட்டு வெளியே வந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"இப்ப எடுக்காத. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு பேசியே எனக்குப் பழகிவிட்டது.

அவள் எடுத்தாள். எதிர்முனையில் சுதாகர் கத்துவது எனக்கே கேட்டது. அவன் முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"சரியாத்தாண்ணா சொல்லிக்கிறாங்க. நான்தான் சொன்னேன்... இல்ல, அவ சொல்ல வைக்கல. நானேதான்." வராண்டாவில் நின்றிருந்த எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தும் அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "வாண்ணா, சாயங்காலம் வீட்டுக்கே வா. சுபாவப் பத்திப் பேசணும்னா அவளோட ரெண்டு அம்மா கிட்டயும் பேசணும். செருப்ப வெளிய வுட்டுட்டு வா."

போனை அணைத்துப் பையில் போட்டாள். பயிற்சி வகுப்புக்கு மணி அடித்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் நடந்தாள்.